தமிழ்நாட்டுக்கும் பீகாருக்கும் ஐந்து மடங்கு இடைவெளி: சிங்கப்பூர்த் தேக்காவிலிருந்து சில குறிப்புகள்

கேள்வி: பொங்கோல் வாசகர், 2 ஜூலை 2025

தமிழ்நாடு மத்திய அரசுக்குக் கொடுக்கும் வரிப் பணம் பீகாருக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் போய்க்கொண்டே இருக்கிறது. இத்தனை காலம் கொடுத்தும் அவர்கள் எழவில்லை என்றால் கோளாறு அந்த மக்களிடம்தான் இருக்கிறது என்பது என் முடிவு. சிங்கப்பூரில் நிலமும் இல்லை, நீரும் இல்லை. இருந்தும் உழைத்து உயர்ந்தோம். அவர்களால் ஏன் முடியவில்லை?

2 ஜூலை 2025, இரவு 11.10

கோளாறு மக்களிடம் இருக்கிறது என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு பணம் அனுப்பும் கடையில் பல ஆண்டுகள் கவுன்டரில் உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்ற ஆயிரக்கணக்கானவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். தமிழ்நாட்டின் அறந்தாங்கிக்காரரும் பீகாரின் சீவான்காரரும் ஒரே வரிசையில், ஒரே வகைச் சப்பாத்தோடு, ஒரே வகைக் களைப்போடு நின்றார்கள். உழைப்பில் அவர்களுக்குள் வித்தியாசம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் என் கண்ணில் பட்டதை மட்டும் வைத்து வாதிட முடியாது என்பதால் எண்களையும் பார்ப்போம். இந்தியாவின் சராசரித் தனிநபர் வருமானத்தை 100 என்று வைத்துக்கொண்டால், 1960-61இல் பீகார் ஏறக்குறைய 70, தமிழ்நாடு 109. 2023-24இல் பீகார் 33, தமிழ்நாடு 171. அன்று ஒன்றரை மடங்காக இருந்த இடைவெளி இன்று ஐந்து மடங்கைத் தாண்டிவிட்டது. இதே காலத்தில் மேற்கு வங்காளம் 127இலிருந்து 84க்கு இறங்கியது. பஞ்சாப் 1970-71இல் 169 வரை ஏறி, பிறகு 107க்கு வந்துவிட்டது. வருமானம் மக்களின் குணத்தைப் பொறுத்தது என்றால், 1971இல் நாட்டின் முன்வரிசையில் நின்ற பஞ்சாபியரின் குணம் ஐம்பது ஆண்டுகளில் மாறிவிட்டது என்று சொல்ல வேண்டியிருக்கும். அப்படி யாரும் சொல்வதில்லை. கோதுமையையும் நெல்லையும் தாண்டி அந்த மாநிலம் நகராமல் போனதையும், 1980களின் வன்முறையையும்தான் காரணமாகச் சொல்கிறோம். பஞ்சாபுக்கு வரலாற்றில் காரணம் தேடும் நாம், பீகாருக்கு மட்டும் அதை மக்களின் பிறவியில் தேடுவது நியாயமில்லை.

3 ஜூலை 2025, காலை 7.30

எண்களுக்கு மூலம் என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இந்தியப் பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வறிக்கையில் இருப்பவை அவை.

அவற்றைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. 1960இன் பீகாரும் இன்றைய பீகாரும் ஒன்றல்ல. 2000 நவம்பரில் ஜார்க்கண்ட் பிரிந்தபோது ஜாம்ஷெட்பூர், பொக்காரோ எஃகு ஆலைகளும் நிலக்கரி, இரும்புத் தாதுச் சுரங்கங்களும் அந்தப் பக்கம் போய்விட்டன. மீதியிருந்தது கங்கைச் சமவெளியும் கோசி நதியின் வெள்ளமும். ஆகவே 70இலிருந்து 33க்கு இறங்கியதில் ஒரு பகுதி வரைபடம் மாறியதால் நேர்ந்தது. அதற்காக, சுரங்கம் கிடைத்த ஜார்க்கண்ட் செழித்துவிட்டது என்றும் எண்ணிவிட வேண்டாம். அதுவும் இன்றுவரை தேசிய சராசரிக்கு வெகு கீழேதான் இருக்கிறது.

5 ஜூலை 2025, இரவு 9.45

"கனிமம் இருந்தும் அவர்கள் ஏன் முன்னேறவில்லை?" என்று பொங்கோல் வாசகர் மறுபடியும் கேட்டிருக்கிறார். இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் "நாம் கொடுக்கிறோம், அவர்கள் வாங்குகிறார்கள்" என்ற பேச்சில் எப்போதும் விட்டுப்போவது இந்தக் கதைதான்.

இந்திய அரசு 1950களில் சரக்குக் கட்டணச் சமநிலைக் கொள்கை என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. எஃகு, நிலக்கரி, சிமென்ட் போன்றவற்றை ஆலையிலிருந்து எத்தனை தூரம் கொண்டுபோனாலும் வாங்குபவருக்கு ஏறத்தாழ ஒரே விலை ஆகும்படி ரயில் கட்டணத்தைச் சமப்படுத்தினார்கள். நாடு முழுவதும் தொழில் பரவ வேண்டும் என்ற நல்ல நோக்கம்தான். ஆனால் அதன் விளைவு என்ன என்று பாருங்கள். அந்தக் கொள்கை இல்லாவிட்டால், இரும்பை வைத்துப் பொருள் செய்ய நினைக்கும் முதலாளி தன் பட்டறையை ஜாம்ஷெட்பூருக்கோ துர்காப்பூருக்கோ அருகில்தான் போட்டிருப்பார். சென்னையிலும் பம்பாயிலும் அதே விலைக்கு எஃகு கிடைக்கும்போது, துறைமுகமும் சந்தையும் வங்கியும் இருக்கும் ஊரை விட்டுவிட்டு, ஜாம்ஷெட்பூர் இருக்கும் சோட்டா நாக்பூர் மேட்டுக்கு அவர் ஏன் போகிறார்? கனிமத்தைத் தோண்டும் வேலை அங்கேயே தங்கியது. அதைப் பொருளாக்கிக் காசு பார்க்கும் வேலை மேற்கிலும் தெற்கிலும் வளர்ந்தது. மேற்கில் விளைந்த பருத்திக்கு இப்படிப்பட்ட சமநிலை கிடையாது என்பது கிழக்கு மாநிலங்களின் பழைய மனக்குறை. அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது.

1990களின் தொடக்கத்தில் இந்தக் கொள்கையைக் கைவிட்டார்கள். அதன் பிறகும் ஆலைகள் கிழக்கே திரும்பவில்லை. நாற்பது ஆண்டுகளில் அம்பத்தூரிலும் கோயம்புத்தூரிலும் உதிரிப் பாகம் செய்பவர், கருவி தீட்டுபவர், ஐடிஐ முடித்த பிள்ளைகள், கடன் கொடுக்கும் வங்கிக்காரர் என்று ஒரு தொழில் சமூகமே உருவாகிவிட்டது. ஹூண்டாய் 1990களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யத் தொடங்கியபோது அது தேடி வந்தது இந்தச் சமூகத்தையும் சென்னைத் துறைமுகத்தையும்தான்.

தமிழ்நாட்டின் பங்கைக் குறைத்துப் பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம். காமராசர் காலத்தில் 1956இல் விரிந்த மதிய உணவு, 1958இல் திறந்த கிண்டித் தொழிற்பேட்டை, 1971இல் தொடங்கிய சிப்காட் என்ற மாநிலத் தொழில் வளர்ச்சி நிறுவனம், 1982இன் சத்துணவு ஆகிய எதையும் டில்லி தூக்கிக் கொடுக்கவில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடு, பீகாரின் எழுத்தறிவு ஏறக்குறைய 62 விழுக்காடு என்றால் அதில் மாநில அரசுகளின் பொறுப்பு பெரியது. 1991க்குப் பிறகு தனியார் முதலீடு இடம் தேடி அலைந்தபோது, பள்ளியும் சாலையும் மின்சாரமும் துறைமுகமும் தயாராக இருந்த மாநிலங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. தயாராக இல்லாதவை மேலும் பின்தங்கின. நான் சொல்வது இவ்வளவுதான்: அந்தத் தயார்நிலையில் நம் முயற்சியும் இருந்தது, கிழக்கிலிருந்து மலிவாக வந்த எஃகும் இருந்தது.

6 ஜூலை 2025, மாலை 5.20

இன்று ஞாயிறு. தேக்கா சந்தைக்குப் போய்விட்டு வந்ததும், கவுன்டரில் இருந்த நாட்களில் பார்த்த ஒரு கொத்தனாரின் நினைவு வந்தது.

அவர் அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். இங்கே ஒரு கட்டுமானத் தளத்தில் வேலை. மாதம் தவறாமல் வருவார். ஒருமுறை வழக்கத்தைவிடப் பெரிய தொகையை அனுப்ப வந்தபோது, ஊரில் வீடு எழும்புகிறது என்று கைப்பேசியில் காணொளியைக் காட்டினார். கடைக்கால் முடிந்து, ஜன்னல் மட்டம் வரை செங்கல் சுவர் வந்திருந்தது. சாரத்தில் நின்றவர்கள் பேசிய மொழி தமிழாக இல்லை. யார் என்று கேட்டேன். பீகார் ஆட்கள் என்றார். கொத்தனார் வீட்டுக்கே வெளியூர்க் கொத்தனாரா என்று கேட்டதற்கு, "நம்ம ஊரு கொத்தனாரெல்லாம் இங்கதானேக்கா இருக்கோம்" என்றார்.

அந்தக் காணொளியை அவர் எனக்கு இரண்டு முறை ஓட்டிக் காட்டினார். மூலைக்கல் நேராக நிற்கிறதா, தூக்குக் குண்டு விட்டுப் பார்த்தார்களா என்று அவர் கண் சுவரைத்தான் அளந்துகொண்டிருந்தது. வேலை சுத்தமாக இருக்கிறது என்று மனதாரப் பாராட்டினார். அவருக்கு இங்கே கிடைக்கும் சம்பளம் ஊரில் கிடைக்காது. பீகார்க் கொத்தனாருக்கு அறந்தாங்கியில் கிடைக்கும் கூலி அவருடைய ஊரில் கிடைக்காது. ஒரே கைத்தொழில், ஒரே கரணை, ஒரே கலவை. கூலி மட்டும் நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறுகிறது. பிரதேச வருமான ஏற்றத்தாழ்வு என்று அறிக்கைகள் சொல்வதை நான் முதன்முதலாகப் புரிந்துகொண்டது அந்தக் கவுன்டரில்தான்.

இதனால்தான் "உழைத்தால் உயரலாம்" என்ற பேச்சு எனக்குப் போதுமானதாகப் படவில்லை. உயர்வதற்கு உழைப்போடு இடமும் வேண்டும். இடம் இல்லாதவர் இடம் மாறுகிறார்.

9 ஜூலை 2025, இரவு 10.30

பிடோக்கிலிருந்து எழுதும் வாசகர், எல்லாவற்றுக்கும் வேர் வெள்ளையர் கால நிலவரிதான் என்கிறார். 1793இல் கார்ன்வாலிஸ் வங்காளத்திலும் பீகாரிலும் நிரந்தர நிலவரித் திட்டத்தைக் கொண்டுவந்து ஜமீன்தார்களை நிலைநிறுத்தினார். சென்னை மாகாணத்தில் மன்றோவின் ரயத்துவாரி முறையில் விவசாயி நேரடியாக அரசுக்கு வரி கட்டினார். அதனால் தெற்கில் விவசாயி நிலத்தில் முதலிட்டார், வடக்கில் ஜமீன்தார் வாடகை தின்றார் என்பது அவருடைய வாதம்.

இதில் உண்மை உண்டு. ஆனால் முழு விளக்கமாக இதை வைக்கத் தயங்குகிறேன். காரணம் நம் கண்முன்னேயே இருக்கிறது. சென்னை மாகாணம் முழுவதும் ரயத்துவாரியாக இருக்கவில்லை. இராமநாதபுரமும் சிவகங்கையும் பெரிய ஜமீன்கள். 1948இன் சட்டத்தால்தான் அவை ஒழிந்தன. சிங்கப்பூருக்கு வேலைக்கு வருபவர்களில் இந்த இரண்டு மாவட்டத்துக்காரர்கள் நிறையப் பேர் என்பது உண்மைதான். ஆனால் அதே வரிசையில் மன்னார்குடிக்காரரும் பட்டுக்கோட்டைக்காரரும் நின்றார்களே. காவிரிப் பாசனமும் ரயத்துவாரியும் இருந்த மண் அது. அங்கே நிலம் மிராசுதார்களிடம் குவிந்திருந்ததால், கூலிக்காரருக்கு ரயத்துவாரி என்ற பெயரால் பெரிய நன்மை ஒன்றும் கிடைக்கவில்லை. வரி வசூலித்த முறையைவிட, யார் கையில் எவ்வளவு நிலம் இருந்தது, அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் பள்ளிக்குப் போனார்களா, ஊர்ப் பிள்ளைகள் அனைவரும் போனார்களா என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

வங்காளத்தின் வீழ்ச்சிக்கும் நிலவரியை மட்டும் சொல்லிவிட முடியாது. 1911 வரை இந்தியாவின் தலைநகரம் கல்கத்தா. 1947 பிரிவினையில் சணல் ஆலைகள் இந்தப் பக்கமும் சணல் வயல்கள் அந்தப் பக்கமும் பிரிந்தன. சரக்குக் கட்டணக் கொள்கையால் அடிபட்ட மாநிலமும் அதுதான். 1960-61இல் நாட்டின் உற்பத்தியில் 10.5 விழுக்காடாக இருந்த அதன் பங்கு இன்று 5.6 விழுக்காடு. கடலோரம் இருந்தாலே வளம் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் வங்காளத்தை ஒருமுறை நின்று பார்க்க வேண்டும்.

10 ஜூலை 2025, காலை 6.50

நேற்று எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். பீகாரிலிருந்து ஆட்கள் வெளியேறுவது நேற்று தொடங்கிய கதை அல்ல. 1834 முதல் மொரிஷியஸ் கரும்புத் தோட்டங்களுக்கும், பிறகு டிரினிடாட், சுரினாம், ஃபிஜி ஆகிய இடங்களுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் பெரும்பகுதியினர் போஜ்புரி பேசும் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களை அனுப்பிய பழைய சாரண் மாவட்டத்தில்தான் இன்றைய சீவானும் கோபால்கஞ்சும் அடங்கியிருந்தன. அடுத்த தலைமுறைகள் கல்கத்தா சணல் ஆலைகளுக்கும், பசுமைப் புரட்சிக்குப் பின் பஞ்சாப் வயல்களுக்கும், வளைகுடாவுக்கும் போயின. இப்போது திருப்பூருக்கு வருகிறார்கள். மலாயா ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்களான நமக்கு இந்தக் கதையை யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக ஆட்களை அனுப்பிய பிறகும் அந்த மாவட்டங்கள் ஆட்களை அனுப்பும் மாவட்டங்களாகவே இருக்கின்றன. வீட்டுக்குப் பணம் வந்தால் வீடு நிமிர்கிறது. வேலை கொடுக்கும் ஊராக அந்த ஊர் மாறுவதில்லை.

12 ஜூலை 2025, மதியம் 1.15

சிங்கப்பூரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு நகரத்தை ஒரு மாநிலத்தோடு ஒப்பிடுவது பொருந்தாது. ஒப்பிட வேண்டுமென்றால் சென்னையோடும் மும்பையோடும் ஒப்பிடலாம். சிங்கப்பூருக்குப் பின்னால் சிங்கப்பூர் அரசு பொறுப்பேற்க வேண்டிய வறண்ட மாவட்டம் ஒன்றும் இல்லை. வேலைக்கு ஆள் தேவைப்பட்டால் அனுமதி கொடுக்கிறோம், வேலை முடிந்தால் திருப்பி அனுப்புகிறோம். வரும் ஆளின் பிறப்புக்கும் பள்ளிக்கும் ஊசிக்கும் உணவுக்கும் செலவழித்தது புதுக்கோட்டையோ சீவானோதான். வயதானபின் பார்த்துக்கொள்ளப் போவதும் அவைதான். இடையில் வரும் உழைக்கும் வயது மட்டும் நமக்கு. நம் முன்னோர் உழைக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. பீகார் அரசால் இப்படித் தேர்ந்தெடுத்துக்கொள்ள முடியாது, அவ்வளவுதான். பத்துக் கோடியைத் தாண்டிய மக்களையும் அது அப்படியே சுமக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் அவர்களில் நகரத்தில் இருந்தவர்கள் ஏறக்குறைய 11 விழுக்காடு மட்டுமே. தமிழ்நாட்டில் அது 48 விழுக்காடு.

13 ஜூலை 2025, இரவு 11.40

முதல் குறிப்பில் கொடுத்த 33, 171 என்ற எண்களைப் பற்றி இந்த வாரம் முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். ஐந்து மடங்கு இடைவெளி என்றால் பீகார்க் குடும்பம் தமிழ்க் குடும்பம் உண்பதில் ஐந்தில் ஒரு பங்குதான் உண்கிறது என்று பொருளாகுமா? ஆகாது. ஏன் ஆகாது என்பதை என் கவுன்டர் அனுபவமே எனக்குச் சொல்லித் தந்திருக்க வேண்டும்.

மாநிலத் தனிநபர் வருமானம் என்று நாம் சொல்வது அந்த மாநிலத்தின் எல்லைக்குள் நடந்த உற்பத்தியை மக்கள் தொகையால் வகுத்துக் கிடைப்பது. சீவான்காரர் சிங்கப்பூரில் சம்பாதித்து அனுப்பும் பணம் அதில் சேராது. அவருடைய தம்பி திருப்பூரில் சம்பாதிப்பது தமிழ்நாட்டின் உற்பத்திக் கணக்கில் விழுகிறது. அதாவது பீகாரின் ஆள் வெளியேறும்போது அவருடைய உழைப்பு இன்னொரு மாநிலத்தின் எண்ணை உயர்த்துகிறது. அவர் அனுப்பும் பணமோ பீகாரின் எண்ணில் எங்கும் தெரிவதில்லை.

குடும்பங்கள் எவ்வளவு செலவழிக்கின்றன என்று கேட்டால் படம் மாறுகிறது. 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, கிராமப்புறத்தில் ஒருவரின் மாதச் செலவு நாட்டின் சராசரியில் 3,773 ரூபாய். பீகாரில் 3,384, தமிழ்நாட்டில் 5,310, கேரளத்தில் 5,924. உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும் பீகார், கிராமத்துச் செலவில் தமிழ்நாட்டின் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில் வந்துவிடுகிறது. இரண்டு எண்களையும் நேருக்கு நேர் வைப்பதில் சிக்கல் உண்டு. ஒன்று கிராமம் மட்டும், மற்றொன்று முழு மாநிலம். ஆலைகளின் லாபம் உற்பத்தியில் சேரும், குடும்பச் செலவில் சேராது. இவற்றையெல்லாம் கழித்த பின்னும், வெளியூரிலிருந்து வரும் பணம் அந்த இடைவெளியில் ஒரு பகுதியை நிரப்புகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை.

இதே பட்டியலின் அடியில் இருக்கும் மாநிலம் எது என்று பாருங்கள். அது பீகார் இல்லை. கிராமத்துச் செலவில் கடைசியில் நிற்பது சத்தீஸ்கர், 2,466 ரூபாய். இரும்புத் தாது, நிலக்கரி, பிலாய் எஃகு ஆலை எல்லாம் இருக்கும் மாநிலம் அது. தலைக்கு உற்பத்தி என்று பார்த்தால் பீகாரைவிட வெகு மேலே இருக்கிறது. தோண்டி எடுப்பதன் மதிப்பு மாநிலக் கணக்கில் ஏறுகிறது. சுரங்கத்துக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரரின் சட்டைப் பைக்குள் அது இறங்குவதில்லை.

19 ஜூலை 2025, இரவு 10.05

இனி வரிப் பங்கீட்டுக்கு வருகிறேன். பொங்கோல் வாசகரின் ஆதங்கம் புரிகிறது, அதில் ஒரு பாதியோடு உடன்படவும் செய்கிறேன்.

பதினைந்தாவது நிதி ஆணையம் 2021-26 காலத்துக்கு மத்திய அரசின் பகிரத்தக்க வரியில் 41 விழுக்காட்டை மாநிலங்களுக்கு ஒதுக்கியது. அந்தத் தொகையில் பீகாருக்கு 10.058 விழுக்காடு, தமிழ்நாட்டுக்கு 4.079 விழுக்காடு. பங்கீட்டு விதியில் 45 விழுக்காடு எடை, ஒரு மாநிலம் வருமானத்தில் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதற்கே தரப்பட்டது. இதைப் பார்த்ததும் கோபம் வருவது இயல்பு. ஆனால் ஆள் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். 2011 மக்கள் தொகையில் பீகாரின் பங்கு 8.6 விழுக்காடு, தமிழ்நாட்டின் பங்கு 6 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. தலைக்கு என்று வகுத்தால் தமிழ்நாட்டுக்காரருக்கு ஒரு ரூபாய் போகும்போது பீகார்க்காரருக்கு ஒரு ரூபாய் எழுபது காசு போனது. வருமானத்தில் ஐந்து மடங்கு இடைவெளி உள்ள இடத்தில் இந்த எழுபது காசு பெரிய அள்ளிக்கொடுத்தலாக எனக்குத் தோன்றவில்லை. மாநிலத்தின் சொந்த வரி வருவாயையும் சேர்த்தால், தலைக்கு அரசு செலவழிப்பது இன்னமும் தமிழ்நாட்டில்தான் அதிகம். அதாவது பீகாரில் பிறந்த குழந்தைக்குக் கிடைக்கும் ஆசிரியரும் செவிலியரும், இத்தனை பங்கீட்டுக்குப் பிறகும், தமிழ்நாட்டில் பிறந்த குழந்தைக்குக் கிடைப்பதைவிடக் குறைவு.

தெற்கின் குறையில் நியாயமான பகுதி வேறு இடத்தில் இருக்கிறது. செஸ் (குறிப்பிட்ட செலவுக்கான தனி வரி), சர்சார்ஜ் (வரிமேல் வரி) என்ற பெயரில் மத்திய அரசு வசூலிப்பது பகிரத்தக்க தொகைக்குள் வருவதே இல்லை. அது வளர வளர, 41 விழுக்காடு என்பது காகிதத்தில் மட்டும் நிற்கிறது. அதில் பீகாரும் இழக்கிறது, தமிழ்நாடும் இழக்கிறது. குடும்பக் கட்டுப்பாட்டைச் சரியாகச் செய்த மாநிலத்தின் குரல் நாடாளுமன்றத்தில் குறைந்துவிடக் கூடாது என்ற அச்சமும் நியாயமானது. 1976இல் உறையவைத்த தொகுதி எண்ணிக்கை, 2026க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்போடு திறக்கப்படலாம் என்ற நிலையில் அந்த அச்சத்தை யாரும் அலட்சியம் செய்யக் கூடாது. ஆனால் தொகுதிப் பிரச்சினையின் கோபத்தை வரிப் பங்கீட்டின் மேல் இறக்கி, சீவான் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பணத்தை நிறுத்தச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. பணம் யார் கைக்குப் போகிறது, பள்ளியாக மாறுகிறதா என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன்.

இதையே தமிழ்நாட்டுக்குள்ளும் கேட்க வேண்டியிருக்கிறது. 2018இல் மத்திய அரசு முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று பட்டியலிட்டபோது தமிழ்நாட்டிலிருந்து இராமநாதபுரமும் விருதுநகரும் அதில் இடம்பெற்றன. செங்கல்பட்டு, காஞ்சிபுரத்து ஆலைகளின் வரியில் இராமநாதபுரத்துக்குப் பங்கு கொடுப்பதை யாரும் தானம் என்று சொல்வதில்லை. வைகையின் கடைசிக் கண்மாய்வரை தண்ணீர் போக வேண்டும் என்று கேட்பதுபோல அதையும் உரிமையாகவே கேட்கிறோம். மாநில எல்லையைத் தாண்டியதும் அது ஏன் தானமாகிவிடுகிறது?

21 ஜூலை 2025, காலை 7.10

"காலப்போக்கில் தானாகச் சரியாகிவிடும்" என்று எழுதியவருக்கு: 1965இல் ஜெஃப்ரி வில்லியம்சன் என்ற பொருளாதார அறிஞர் ஏறக்குறைய அதைத்தான் சொன்னார். ஒரு நாடு வளரத் தொடங்கும்போது பிரதேச இடைவெளி விரியும், வளர்ந்து முதிரும்போது சுருங்கும் என்றார். அமெரிக்காவின் தென் மாநிலங்கள் இருபதாம் நூற்றாண்டில் வடக்கை நெருங்கின. சீனாவில் கடலோரத்துக்கும் உள்நாட்டுக்கும் இடையிலான இடைவெளி 2000களின் நடுப்பகுதிவரை விரிந்து பிறகு ஓரளவு சுருங்கியது. அதற்குள் மேற்குப் பகுதிக்கென்று அரசு சாலையும் ரயிலும் போட்டுப் பணத்தைக் கொட்டியிருந்தது. இத்தாலியின் தெற்கோ, 1950 முதல் தனி நிதியம் வைத்துச் செலவழித்தும் இன்றுவரை வடக்கை எட்டவில்லை. ஆகவே தானாகச் சரியாகும் என்பதற்கும் உறுதியில்லை, பணம் கொட்டினால் சரியாகும் என்பதற்கும் உறுதியில்லை. அதனால்தான் எங்கே, எதற்காகச் செலவழிக்கிறோம் என்பதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

27 ஜூலை 2025, இரவு 9.30

ஈசூன் வாசகர் ஒடிசாவை முன்மாதிரியாகக் காட்டியிருக்கிறார். அவர் சொல்லும் எண் சரியானது. தேசிய சராசரியை 100 என்று வைத்தால் 1990-91இல் 54ஆக இருந்த ஒடிசா 2023-24இல் 88க்கு ஏறியிருக்கிறது. கிழக்கில் வேறெந்தப் பெரிய மாநிலமும் இப்படி ஏறவில்லை. 1999 பெரும்புயலில் ஏறக்குறைய பத்தாயிரம் பேரைப் பறிகொடுத்த அரசு, 2013இல் ஃபைலின் புயல் வந்தபோது இலட்சக்கணக்கானவர்களை முன்கூட்டியே அப்புறப்படுத்தி உயிரிழப்பைச் சில பத்துகளுக்குள் நிறுத்தியது. நிர்வாகம் மாற முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. பீகார் மாறவே மாறாது என்பவர்களுக்கு நானும் இனி இதையே காட்டுவேன்.

ஆனால் முன்மாதிரி என்று முடிவு கட்டுமுன், 13ஆம் தேதிக் குறிப்பில் சொன்ன இரண்டாவது எண்ணையும் எடுத்து வைக்க வேண்டும். 2022-23இல் ஒடிசாவின் கிராமத்தில் ஒருவரின் மாதச் செலவு 2,950 ரூபாய். பீகாரின் 3,384ஐவிட அது குறைவு. உற்பத்தியில் பீகாரைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல் வந்துவிட்ட மாநிலத்தின் கிராமத்துக்காரர், பீகார்க் கிராமத்துக்காரரைவிடக் குறைவாகச் செலவழிக்கிறார். எஃகும் அலுமினியமும் பாராதீப் துறைமுகமும் மாநிலத்தின் எண்ணைத் தூக்கிவிட்டன. அந்த ஆலைகளுக்குள் எத்தனை உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் இன்னமும் சூரத் விசைத்தறிகளுக்கு ரயில் ஏறுகிறார்கள் என்பதை வைத்துத்தான் நான் ஒடிசாவை மதிப்பிடுவேன். ஈசூன் வாசகர் அங்கே வேலை பார்த்தவர் என்பதால், கஞ்சம் மாவட்டத்திலிருந்து சூரத்துக்குப் போவோர் இப்போது குறைந்திருக்கிறார்களா என்று அவர் எழுதினால், இந்த இழையில் இதுவரை பேசிய எல்லாவற்றையும்விட அது பயனுள்ளதாக இருக்கும்.